சீமை அத்தி: கிளை மரமாகும் வகை

யோர்தான் ஆற்றின் கீழ்ப்பள்ளத்தாக்கில், எரிகோ நகருக்கு வடக்கே, கில்கால் என்னும் தொல்குடியிருப்பு மண்ணடியில் கிடந்தது. அகழ்ந்தவர்கள் அங்கே கரிந்துபோன ஒன்பது சிறு அத்திப்பழங்களைக் கண்டெடுத்தனர். அவற்றின் அகவை ஏறத்தாழ 11,400 ஆண்டு. அப்பழங்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்த தாவரத் தொல்லியலார், உள்ளிருந்த விதைகளில் கருவே இல்லை என்று 2006இல் அறிவித்தனர். விதையில் கரு இல்லாத மரம் விதையால் பெருக இயலாது. எவரோ ஒருவர் அதன் கிளையை வெட்டி மண்ணில் ஊன்றியிருக்க வேண்டும். அது காய்த்தபின் மற்றொருவர் அதன் கிளையைக் கேட்டு வாங்கிச் சென்றிருக்க வேண்டும். கோதுமையும் வாற்கோதுமையும் கழனிப் பயிராவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முன்பே மாந்தர் அத்திக் கிளையை நட்டுப் பழகினர் என்பது அவர்கள் முடிபு. அத்தகைய மரம் மாந்தர் கை படாமலும் காட்டில் தோன்றக்கூடும் என்று மறுத்துரைத்த அறிஞரும் உளர். எந்த முடிபு நின்றாலும், கிளையை நட்டு மரமாக்கும் கலை மிகத் தொன்மையானது. அக்கலைக்கு அத்தியைப் போல் எளிதில் இணங்கும் பழமரம் மிகச் சிலவே.

நம் ஆற்றங்கரைகளில் நிற்கும் நாட்டு அத்தி அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய்க் காய்ப்பது. இங்கே பேசப்படுவது சீமை அத்தி. உலர்த்தி நாரில் கோத்துக் கடைகளில் தொங்கவிடப்படும் பழம் இதனுடையது. மேற்கு ஆசியாவும் நடுநிலக் கடலைச் சூழ்ந்த நாடுகளும் இதன் தாயகம். இன்றும் விளைச்சலில் துருக்கியே முதலிடத்தில் நிற்கிறது. இந்தியாவில் புனேயை அடுத்த புரந்தர் வட்டாரம் இதற்குப் பெயர்பெற்றது. அவ்வூர்ப் பழத்துக்கு 2016இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கருநாடகத்தின் பெல்லாரிப் பகுதியிலும் தோட்டந்தோறும் விளைகிறது. தமிழ்நாட்டு வீடுகளில் கொல்லையிலும் மாடித் தொட்டியிலும் இம்மரம் இப்போது பரவி வருகிறது. வறட்சியைத் தாங்கும், ஒரு பெரிய தொட்டிக்குள் அடங்கும், நட்ட இரண்டாம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்கும். வீட்டுத் தோட்டத்துக்கு வேறென்ன வேண்டும்?

விதையை விட்டுக் கிளையை நாடுவதற்கான விடை பழத்துக்குள் இருக்கிறது. நாம் அத்திப்பழம் என்பது உண்மையில் ஒரு பூங்கொத்து. சதைப்பற்றுள்ள காம்பு ஒன்று பை போல உட்புறமாய் மடிந்து, நூற்றுக்கணக்கான நுண்பூக்களைத் தன்னுள்ளே மூடிக்கொண்டிருக்கிறது. பழத்தின் நுனியில் காணும் சிறு துளையே அதன் ஒரே வாயில். நடுநிலக் கடல் நாடுகளில் கடுகளவுக் குளவி ஒன்று ஆண்மரக் காய்களில் பிறந்து, மகரந்தம் படிந்த உடலோடு பெண்மரக் காயின் துளை வழியே நுழைந்து பூக்களைக் கருவுறச் செய்கிறது. அக்குளவி நம் நாட்டுத் தோட்டங்களில் இல்லை. இங்கே பயிராகும் வகைகள் கருவுறாமலே கனிபவை. எனவே அவற்றின் விதைகள் உள்ளீடற்ற வெற்றோடுகள், விதைத்தால் முளைக்கமாட்டா. இறக்குமதியான உலர்பழத்தில் உயிருள்ள விதை இருக்கக்கூடும். ஆயினும் அதிலிருந்து எழும் நாற்றுகளில் ஏறக்குறையப் பாதி, தின்னத் தகாத காய் தரும் ஆண்மரங்களாகிவிடும். மறு பாதியும் தாயின் சுவையைத் தருமென்று சொல்ல முடியாது. அதை அறிய ஆண்டுகள் பல காத்திருக்க வேண்டும்.

கிளை அப்படியன்று. முருங்கைப் போத்திலும் கரும்புக் கரணையிலும் நம் உழவர் கண்ட உண்மையே இங்கும் பொருந்தும். வெட்டி நட்ட துண்டு தாயின் பிள்ளை அன்று, தாயே அது. மரபணுவில் ஓர் எழுத்தும் கலவாமல், அதே உடல் வேறோர் இடத்தில் தொடர்ந்து வாழ்கிறது. அத்தியின் நெருங்கிய உறவான அரச மரம் இதற்குப் பெருஞ்சான்று. புத்தர் மெய்யறிவு பெற்ற மரத்தின் கிளையொன்றைப் பிக்குணி சங்கமித்தை இலங்கைக்குக் கொண்டுசென்றார் என்றும், மன்னன் தேவநம்பிய தீசன் அதை அனுராதபுரத்தில் நடுவித்தான் என்றும் மகாவம்சம் கூறுகிறது. காலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டு. கயையில் நின்ற தாய்மரம் பலமுறை அழிந்து மீள நடப்பட்டது. அனுராதபுரத்துக் கிளை இன்றும் தளிர்க்கிறது. நட்ட காலம் அறியப்பட்ட மரங்களுள் உலகில் மிக மூத்தது அதுவே என்பர்.

இவ்வாறு தாய் மாறாமல் வருவது நலம் மட்டும் தருவதன்று. கலிபோர்னியா உழவர் அதைப் பெரும்பொருள் இழந்து கற்றனர். 1880களின் தொடக்கத்தில் துருக்கியின் சிமிர்னா வகை அத்தியின் குச்சிகள் ஏறத்தாழ 14,000 அங்கே கப்பலில் வந்திறங்கின. குச்சிகள் வேர்விட்டன, மரங்கள் செழித்தன, காய்களும் தோன்றின. ஆண்டுதோறும் அவை முற்றாமலே உதிர்ந்தன. துருக்கியர் மட்டமான வகையை அனுப்பி ஏமாற்றிவிட்டதாக உழவர் எண்ணினர். சிமிர்னா வகையோ குளவி வந்து கருவுறச் செய்தாலன்றிப் பழுக்காதது. குளவி பிறக்கும் காட்டத்திக் காய்களைத் தோட்டத்தில் தொங்கவிட வேண்டும் என்ற பழைய வழக்கத்தை, கிறித்துவுக்கு முன்பே கிரேக்க அறிஞர் தியோபிராசுட்டசு எழுதிவைத்திருந்தார். அதை நாட்டுப்புற நம்பிக்கை என்று புதியோர் தள்ளினர். 1890இல் சியார்ச்சு ரோடிங் என்னும் தோட்டக்காரர் மகரந்தத்தைக் கையால் காய்க்குள் செலுத்திப் பழம் கண்டார். 1899இல் அமெரிக்கத் தாவரவியலார் வால்டர் சுவிங்கிள் அல்சீரியாவிலிருந்து அனுப்பிய குளவிகள் பிரெசுனோவில் நிலைகொண்டன. அதன்பின்பே அம்மரங்கள் பயன் தந்தன. குச்சி தன் தாயின் சுவையைச் சுமந்து வந்ததுபோலவே, தாயின் தேவையையும் சுமந்து வந்திருந்தது. பெயர் கவர்ச்சியில் மயங்கிக் குளவி வேண்டும் வகைகளைத் தேடி வாங்குவோர் இன்றும் இதே இழப்பை அடைவர். பூனா, டயானா, பிரவுன் துருக்கி, கொனாட்ரியா ஆகியவை குளவி வேண்டாதவை. நம் வீடுகளுக்கு இவையே தக்கவை.

வேரில்லாத தண்டு எவ்வாறு வேரை உண்டாக்குகிறது என்பதை அறிய மாந்தருக்கு நெடுங்காலம் ஆயிற்று. 1878இல் செருமானிய அறிஞர் எர்மன் ஃபெக்டிங் ஆற்றலரிக் குச்சிகளை ஈரக்காற்று நிறைந்த கலத்தினுள் தொங்கவிட்டார். சிலவற்றை நேராகவும் சிலவற்றைத் தலைகீழாகவும் கட்டினார். எப்படித் தொங்கினாலும், மரத்தில் இருந்தபோது எது அடிப்பக்கமோ அங்கேதான் வேர் மிகுதியாக எழுந்தது. மேற்பக்கத்தில் தளிர் எழுந்தது. ஒரு விரல்நீளத் துண்டும் தன் மேலையும் கீழையும் மறப்பதில்லை என்பது அதனால் புலனாயிற்று. ஈராண்டு கழித்துச் சார்லசு தார்வினும் அவர் மகன் பிரான்சிசும் புல் நாற்றின் நுனியை ஒளிபுகாத தொப்பியால் மூடி, நுனி உணர்ந்ததைக் கீழ்ப்பகுதிக்கு அறிவிக்கும் ஏதோ ஒன்று கீழிறங்குகிறது என்று காட்டினர்.

அந்த 'ஏதோ ஒன்றை'ப் பிடித்தவர் ஆலந்து நாட்டு இளைஞர் பிரிட்சு வெண்ட். 1926இல் காடைக்கண்ணி நாற்றுகளின் நுனிகளைக் கொய்து கூழ்க்கட்டியின் மேல் வைத்தார். சிறிது நேரம் சென்றபின் நுனிகளை அகற்றி, அக்கூழ்த்துண்டை மட்டும் தலைகொய்த நாற்றின் ஒரு பக்கத்தில் ஏற்றினார். நாற்று மறுபக்கமாய் வளைந்தது. நுனியிலிருந்து ஒரு பொருள் கூழில் ஊறியிருந்தது. வளர்ச்சியைத் தூண்டியது அப்பொருளே. ஆக்சின் என்று அதற்குப் பெயராயிற்று. சில ஆண்டுகளில் அதன் வேதி அமைப்பும் தெரிந்தது. வேர் தோன்றச் செய்வதும் அதுவே என்று 1934, 1935ஆம் ஆண்டு ஆய்வுகள் நிறுவின.

இனி நம் அத்திக் குச்சிக்குள் நடப்பதைக் காணலாம். மொட்டுகளில் உண்டாகும் ஆக்சின் மணிக்கு ஏறத்தாழ ஒரு செ.மீ. வீதம் கீழ்நோக்கிச் செல்கிறது. உயிரணுவுக்கு உயிரணு வாயில் அமைத்துக் கடத்தப்படுவதால் அது மேல்நோக்கித் திரும்புவதில்லை. மரத்தில் இருந்தபோது அது அடிமரம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வெட்டியபின் போக வழியின்றி வெட்டுவாயில் தேங்குகிறது. காயம்பட்ட திசு தன் பங்குக்கு வேறு வேதிக் குறிப்புகளையும் எழுப்புகிறது. அப்போது பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள உயிரணுக்கள் சில, தாம் அதுவரை செய்த தொழிலை விட்டு மீண்டும் பிரியத் தொடங்குகின்றன. பிரிந்து பிரிந்து ஒரு சிறு குமிழாகின்றன. குமிழுக்கு நுனியும் குழாய்த் திசுவும் அமைகின்றன. பின்னர் பட்டையைப் பிளந்து வெண்ணிற வேராய் வெளிவருகிறது. தண்டாக இருந்தது வேரானது. விலங்குடலில் அரிதான இம்மாற்றம் செடியின் உடலில் இயல்பாக நிகழ்வதை எத்தனை முறை எண்ணினாலும் வியப்பு தீர்வதில்லை.

வெட்டுவாயில் முதலில் தோன்றும் வெளிர்ப் புடைப்பை வேரென்று பலர் கொள்வர். அது காயத்தை மூடும் ஆறுதிசு மட்டுமே. அது வந்தும் வேர் வராமல் போவதுண்டு.

செய்முறைக்கு வருவோம். வெட்டும் பருவம் மார்கழி முதல் மாசி வரை. மலைநாட்டில் அப்போது அத்தி இலையுதிர்த்துத் துயிலும். சமவெளியில் முழுதும் உதிர்க்காவிட்டாலும் வளர்ச்சி தளர்ந்து, தண்டில் மாவுப்பொருள் சேர்ந்திருக்கும். அந்தச் சேமிப்பே வேர் வரும் வரை குச்சிக்கு உணவு. ஓராண்டு முதிர்ந்த, சாம்பல் நிறம் ஏறிய, சுண்டுவிரல் முதல் பெருவிரல் வரை பருமனுள்ள கிளையைத் தேர்க. கணுக்கள் நெருங்கியிருப்பது நன்று. பச்சை நிறத்து இளநுனி விரைவில் அழுகும். ஒரு சாண் நீளம், நான்கைந்து கணு போதும். அடியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், மேலைக் கணுவுக்கு ஒரு விரல் மேலே சாய்வாகவும் வெட்டுக. நாற்றங்காலில் இவ்வழக்கம் ஏற்பட்டதற்குக் காரணம் உண்டு: குவியலாய்க் கிடக்கும்போது எது அடி, எது தலை என்று தெரியாமல் தலைகீழாய் நட்டுவிடும் பிழை இதனால் நீங்குகிறது. ஃபெக்டிங் காட்டிய உண்மை தோட்டக்காரர் கத்தியில் முன்பே குடியிருந்தது.

வெட்டியவுடன் பால் வடியும். அதில் புரதத்தைச் சிதைக்கும் நொதியும், வெயிலோடு சேர்ந்து தோலைக் கொப்புளிக்கச் செய்யும் வேதிப்பொருள்களும் உள்ளன. கையுறை அணிவது நன்று. பால் பட்ட கையோடு வெயிலில் நிற்றலாகாது. பாலைக் கழுவித் துடைத்து, நிழலில் சில மணி நேரம் உலரவிட்டால் வெட்டுவாய் காயும். மேல்வெட்டில் மெழுகு தடவலாம். முருங்கைப் போத்துக்குச் சாணம் அப்புவதும் நீர் ஆவியாகாமல் காக்கும் இதே நோக்கத்துக்கே.

வேரூக்கித் தூள் வேண்டுமா என்று எல்லாரும் கேட்பர். இண்டோல் பியூட்ரிக் அமிலம் என்னும் செயற்கை ஆக்சினே அத்தூளின் மருந்து. அடம்பிடிக்கும் மரங்களுக்கு அது பெருந்துணை. அத்திக்குக் கட்டாயமில்லை, மிகுதியாக அப்பினால் கெடுதலே. தேனிலும் இலவங்கப்பட்டைப் பொடியிலும் வேரூக்கி ஏதுமில்லை. இளநீரில் ஊறவைக்கும் வழக்கத்தை நான் ஏற்கேன். அதில் சைட்டோகைனின் என்னும் ஊக்கி உண்டு. ஆக்சின் மிஞ்சினால் வேரும், சைட்டோகைனின் மிஞ்சினால் தளிரும் தோன்றும் என்று 1957இல் சுகூக், மில்லர் என்னும் இருவர் காட்டினர். வேர் வேண்டும் வேளையில் தளிரைத் தூண்டுவது ஏன்? இளநீரின் இனிப்பு பூசணத்துக்கும் விருந்தாகும்.

நடும் ஊடகமே வெற்றி தோல்வியை முடிவு செய்கிறது. குச்சிகள் நீரின்றிச் சாவதைவிட நீர் மிகுந்து சாவதே மிகுதி. பிரியும் உயிரணுக்கள் மிகையாக மூச்சுவிடுகின்றன. நீரில் உயிர்வளி பரவும் வேகம் காற்றில் பரவுவதில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கே. மண்ணின் இடுக்குகளில் நீர் நிறைந்து நின்றால் வெட்டுவாய் மூச்சுத் திணறும். காற்றில்லா இடத்தில் அழுகல் தானே வரும். ஆகவே களிமண்ணும் தொழுவுரமும் இப்போது வேண்டாம். தென்னை நார்க்கழிவும் பருமணலும் சம அளவு கலந்தால் போதும். நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நீரில் அலசிப் பிழிந்தே பயன்படுத்துக. கலவையைக் கைப்பிடியில் இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலிடுக்கில் நீர் சொட்டலாகாது. அந்த ஈரமே அளவு.

ஒளி ஊடுருவும் நெகிழிக் குவளையின் அடியில் துளையிட்டு, கலவை நிரப்பி, இரண்டு கணுவேனும் உள்ளே அமையுமாறு குச்சியை ஊன்றுக. மேலே ஒரு நெகிழிப் பையைத் தளர்வாகக் கவிழ்த்து, வெயில் நேரே படாத வெளிச்சத்தில் வைக்க. 22 முதல் 27 பாகை செல்சியசு வரை வேருக்கு உகந்த வெப்பம். சித்திரை, வைகாசி வெக்கையில் நட்டவை பெரும்பாலும் அழுகிப்போவது இதனால்தான். நீரை நாள் பார்த்து ஊற்றாமல் எடை பார்த்து ஊற்றுக: குவளையைத் தூக்கினால் இலேசாகத் தோன்றும்போது சிறிது தெளித்தால் போதும்.

இரண்டாம் வாரத்தில் குவளைச் சுவரை ஒட்டிய தண்டை உற்று நோக்குங்கள். பட்டையிலுள்ள மூச்சுத்துளைகள் உப்பி, அரிசி நொய் போன்ற வெண்புள்ளிகளாய்த் தெரியும். புதியவர்கள் இதைப் பூசணம் என்று அஞ்சிக் குச்சியைப் பிடுங்கிவிடுவர். பூசணம் பஞ்சிழை போலப் படர்ந்து, துடைத்தால் வழித்துக்கொண்டு வரும். இப்புள்ளிகள் உறுதியாய்ப் பட்டையோடு ஒட்டி நிற்கும். ஈரம் ஏறியது, தண்டு உயிரோடிருக்கிறது என்பதன் அறிகுறி அது. அதன்பின் நூலளவு வெள்ளை வேர்கள் சுவர்மீது படியும். மூன்று முதல் ஆறு வாரம் ஆகலாம்.

இதற்கிடையில் மேல்மொட்டு விரிந்து இரண்டு மூன்று இலை வந்துவிடும். இங்கேதான் பலரும் ஏமாறுவர். வேர் வராமலே, தண்டின் மாவுப்பொருளைக் கொண்டே இலை விரியும். வருவாயின்றிக் கைமுதலை எடுத்து உண்ணும் குடும்பத்தின் நிலை அது. விரிந்த இலை நீரை ஆவியாக்குகிறது. ஈடுசெய்ய வேர் இல்லை. முதல் தீர்ந்த அன்று இலை தொங்கிக் குச்சி கருகிவிடும். செழித்தது என்று மகிழ்ந்து உரமிட்டு வெயிலில் வைப்பதால் மாண்ட குச்சிகள் எண்ணிறந்தன. சுவரில் வேர் தெரியும் வரை பையை எடுக்காதீர், உரமும் வேண்டா, குச்சியை அசைத்துப் பார்த்தலும் வேண்டா, இளவேர் அறுந்துபோகும். வேர் குவளையைச் சுற்றிப் பழுப்பேறிக் கிளைத்தபின், பையைப் பகலில் சிறிது நேரம் திறந்து, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டி, வெளிக்காற்றுக்குப் பழக்கிப் பின் தொட்டிக்கு மாற்றுக.

வளர்ந்த மரத்துக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். ஆண்டுக்கொருமுறை கவாத்து செய்தால் புதுக்கிளையில் காய் மிகும். சுவரை ஒட்டியும் கழிவுநீர்த் தொட்டிக்கு அருகிலும் நடாதீர், இதன் வேர் ஈரம் தேடி நெடுந்தொலை செல்லும். காம்பு வளைந்து பழம் தொங்கினால்தான் பறிக்க வேண்டும். முன்னே பறித்தது வீட்டில் பழுக்காது. பறவைக்கு வலை இடுக.

நோயைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வேரற்ற குச்சிக்கு ஒரு பெருநன்மை உண்டு: மண் வழியே பரவும் வேர்முடிச்சு நூற்புழு அதில் வருவதில்லை. வேரோடும் மண்ணோடும் வாங்கிய நாற்றில் அது ஒளிந்து வரலாம். தேமல் நோயோ கிளைக்குள்ளேயே வரும். இலையில் மஞ்சள் திட்டுகளும் கோணலும் கண்டால் அது நச்சுயிரியின் வேலை. கண்ணுக்குத் தெரியாத நுண்சிலந்திகளும் வெட்டிய குச்சிகளும் அதைப் பரப்புகின்றன. மருந்தில்லை. தாயே மறுபடி வாழ்வதால் தாயின் நோயும் மறுபடி வாழ்கிறது. வெளிநாட்டு விற்பனையாளரிடம் அஞ்சலில் குச்சி வரவழைப்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். இறக்குமதி உரிமமும் செடிநலச் சான்றும் இன்றி அவ்வாறு வரவழைப்பது 2003ஆம் ஆண்டின் செடித்தொற்றுத் தடுப்பு ஆணைப்படி குற்றம். ஒரு வீட்டின் ஆசையால் ஒரு வட்டாரத்தின் தோட்டமே நோய்ப்படலாம்.

ஆகவே அத்தி வளர்க்க விரும்புவோர் முதலில் மரத்தைப் பாருங்கள். அதன் இலையில் தேமல் உண்டா என்று நோக்குங்கள். இயலுமாயின் அதன் பழத்தை உண்டு பாருங்கள். அதன்பின் கிளையைக் கேளுங்கள். வகையின் பெயரையும் வெட்டிய நாளையும் ஒரு பட்டையில் எழுதிக் குச்சியில் கட்டுங்கள். பெயர் தெரியாவிடின், எவ்வூரில் எவர் வீட்டு மரம் என்றாவது எழுதுங்கள். ஆண்டு தோறும் கவாத்தில் விழும் கிளைகளைக் குப்பையில் எறியாமல் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுங்கள். அந்தப் பட்டையில் உள்ளதையும் படியெடுத்து உடன் கொடுங்கள்.